எஸ்.ஆர்.டி. 5.1: ரசிகர்கள் சண்டையிட்டு வாங்கிய இலவசப் புத்தகம்

விலை ஒன்றுமில்லை. அட்டைப்படம் கிடையாது. உள்ளே மருந்துக்குக்கூட ஓர் ஓவியம் இல்லை. நானூறு பக்கங்களுக்கு மேல் விதிகள், அட்டவணைகள், மறுபடியும் விதிகள். ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1’ என்பது முழுப்பெயர், ஆடுபவர்கள் எஸ்.ஆர்.டி. என்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஒரு பகுதியை, அதன் பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் பிடிஎஃப் இது. அந்த நிறுவனத்தின் வழவழப்பான கெட்டி அட்டைப் புத்தகங்கள் சில என் அலமாரியிலும் இருக்கின்றன. ஆனாலும் புதிதாக ஆட வருகிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இந்த அட்டையில்லாப் புத்தகத்தைத்தான் காட்டுகிறேன். முதல் பக்கத்தில் உள்ள சில வரிகள்தான் காரணம். அவற்றை நிறுவனம் மனமுவந்து எழுதவில்லை. 2023 ஜனவரியில் வாடிக்கையாளர்கள் கழுத்தில் துண்டைப் போட்டு எழுத வைத்தார்கள்.

நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் உரிம ஒப்பந்தங்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மொழிபெயர்ப்பு உரிமை, மறுபதிப்பு உரிமை, ராயல்டிக் கணக்கு என்று வாரம் முழுக்கக் காகிதத்தோடுதான் மல்லுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் வருவார்கள். அப்போது நான் டன்ஜன் மாஸ்டர். கதையின் போக்கைச் சொல்வது, அரக்கர்களை ஆட்டுவிப்பது, பகடை விழுந்தபின் தீர்ப்புச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. ஆகவே இந்த விமர்சனத்தில் ஆட்டமும் ஒப்பந்தமும் கலந்தே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டம். பன்னிரண்டு வகை வீரர்களும் இதில் இருக்கிறார்கள். ஃபைட்டர் எனும் போர்வீரன், விசார்ட் எனும் மந்திரவாதி, கிளெரிக் எனும் பூசாரி, ரோக் எனும் திருடன் என்று யாரும் விடுபடவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வழிதான். 2014இல் வெளியான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற மூல விதிப்புத்தகத்தில் மந்திரவாதிக்கு எட்டுப் பள்ளிகள், அதாவது மந்திரப் பிரிவுகள். இதில் எவொகேஷன் ஒன்று மட்டும். கிளெரிக் என்றால் லைஃப் டொமைன், வேறு பேச்சில்லை. ஃபீட் எனப்படும் தனித்திறமைகள் அந்தப் புத்தகத்தில் நாற்பதுக்கு மேல் இருக்க, இதில் கிராப்ளர் ஒன்றே ஒன்று. வீரனின் பூர்வ வாழ்க்கையைச் சொல்லும் பேக்கிரவுண்டும் ஒன்றுதான்: அகோலைட், அதாவது கோயில் பணியாளர். இந்தப் புத்தகத்தை மட்டும் வைத்து ஆடினால் திருடனும் கோயிலில் வளர்ந்தவன், காட்டுமிராண்டியும் கோயிலில் வளர்ந்தவன். “அத்தை, எங்கள் கூட்டத்தில் எல்லோருமே எதற்குக் கோயிலில் வேலை பார்த்திருக்க வேண்டும்?” என்று அண்ணன் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. புதிய பேக்கிரவுண்ட் எழுதுவது எப்படி என்பதற்கும் இதிலேயே குறிப்பு இருக்கிறது என்பதால் மீனவன், கொல்லன், நாட்டு வைத்தியர் மகள் என்று நாங்களே எழுதிக்கொண்டோம்.

மந்திரங்களில் பெயர் வெட்டு நடந்திருக்கிறது. இந்த ஆட்டத்தின் ஆரம்ப காலத்தில் பிறந்த பழைய மந்திரவாதிகள் பலர் உண்டு: பிக்பி, டாஷா, மோர்டன்கைனன், லியோமண்ட். கெட்டி அட்டைப் புத்தகத்தில் மந்திரங்கள் இவர்கள் பெயரோடு வரும். இங்கே பெயர்கள் நிறுவனத்தின் சொத்து என்று கழற்றிவிட்டார்கள். பிக்பியின் கை என்ற மந்திரம் வெறும் ‘ஆர்கேன் ஹேண்ட்’ ஆகிவிட்டது. விளைவில் மாற்றமில்லை, விலாசம்தான் போயிற்று. அரக்கர்களிலும் பெஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற நட்சத்திரங்களைக் காணோம். மற்றபடி டிராகன்கள், எலும்புக்கூடுகள், டிரோல்கள், ஓர்க்குகள் எல்லாம் குறையாமல் இருக்கின்றன.

புத்தக அமைப்பு பற்றி ஒரு புகார். ஆட்டம் நடக்கும்போது பக்கம் தேடுவது பெரும்பாடு. போன மாதம் ஒரு கணவாயில் கோப்ளின்கள் என்ற குட்டை அரக்கர்கள், அவற்றின் ஓநாய்கள், கூட ஒரு கொள்ளைக்காரத் தலைவன் என்று ஒரு சண்டை வைத்தேன். கோப்ளின் அகர வரிசையில் அதன் எழுத்தில் இருக்கிறது. ஓநாய் அங்கே இல்லை. பின்னிணைப்பில் ‘பலவகை உயிரினங்கள்’ பகுதிக்குப் போக வேண்டும். கொள்ளைக்காரன் அதற்கும் அடுத்த பின்னிணைப்பில். ஒரே சண்டைக்கு மூன்று இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பையன்கள் தட்டை முறுக்கு முழுவதையும் காலி செய்துவிட்டார்கள்.

ஆனால் தேடிக் கண்டுபிடித்த பிறகு கிடைக்கும் தெளிவு பெரியது. கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழாமல் தடுக்கும் எண், 15, உயிர்ப் புள்ளிகள் 7, கத்தி வீச்சுக்குக் கூட்டல் 4, அடித்தால் ஓர் ஆறுமுகப் பகடையோடு 2. அடித்துவிட்டு அதே சுற்றில் ஒளிந்துகொள்ளவோ நழுவவோ அதற்கு ஒரு தனித்திறமை உண்டு. அந்த ஒரு வரிதான் கோப்ளினின் குணம் முழுவதும். படமே இல்லாமல் அந்தச் சிறு அட்டவணையிலிருந்து ஒரு திருட்டுப் பயலை மேசைமேல் எழுப்பிவிடலாம். ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்துக்குத் தேவைப்படும் பொருள் வௌவால் எச்சமும் கந்தகமும் என்ற வரியைப் படித்ததும் பையன்கள் சிரித்து அடங்கவே வெகு நேரமாயிற்று. எலும்பு மட்டும்தான், சதை நாம் போட வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் இந்த வரிகளை ஊன்றிப் படிக்கவில்லை.

இனி அந்த முதல் பக்கம்.

அதில் இருப்பது இவ்வளவுதான்: இந்த ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் கீழே கொடுத்திருக்கும் நன்றி வாசகத்தைத் தங்கள் ஆக்கத்தில் சேர்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். சல்லிக்காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த உரிமத்தின் வாசகத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. உரிமத்தை எழுதியது விசார்ட்ஸ் அல்ல, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. எனவே நாளைக்கு ஒரு வரியை மாற்றலாம் என்று விசார்ட்ஸின் தாய் நிறுவனமான, பொம்மைகள் விற்கும் ஹாஸ்ப்ரோ நினைத்தாலும் பேனா அவர்கள் கையில் இல்லை.

இது ஏன் அப்படிப் பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டார்கள். அதை வைத்திருந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1990களில் ரசிகர்கள் இணையத்தில் பகிர்ந்த ஆக்கங்கள் மீதுகூடக் கெடுபிடி காட்டியது. கடைசியில் அந்த நிறுவனமே நொடித்துப்போய் 1997இல் விசார்ட்ஸ் கைக்கு வந்தது. 1999இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ரயன் டான்சி என்ற அதிகாரி திறமூல மென்பொருள்களைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். சாகசக் கதைகளையும் துணைப் புத்தகங்களையும் வெளியார் எழுதி விற்கட்டும். அவற்றை ஆட எல்லோரும் நம்முடைய மூல விதிப்புத்தகத்தை வாங்கித்தானே ஆக வேண்டும்? அப்படிப் பிறந்ததுதான் ஓபன் கேம் லைசென்ஸ், சுருக்கமாக ஓ.ஜி.எல். அதன் 1.0ஏ வடிவத்தை நம்பி இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொழிலே வளர்ந்தது. நான்காம் பதிப்புக்கு 2008இல் விசார்ட்ஸ் வேறு கெடுபிடியான உரிமம் கொண்டுவந்தபோது, பைசோ நிறுவனம் பழைய ஓ.ஜி.எல்.லைப் பிடித்துக்கொண்டு 2009இல் பாத்ஃபைண்டர் என்ற தனி ஆட்டத்தையே உருவாக்கிவிட்டது. ஐந்தாம் பதிப்பில் விசார்ட்ஸ் பழைய வழிக்குத் திரும்பி, 2016இல் அந்த விதிகளையும் ஓ.ஜி.எல்.லில் வெளியிட்டது. இதே எஸ்.ஆர்.டி. 5.1தான், வேறு முதல் பக்கத்தோடு.

ஒப்பந்தம் பார்க்கிறவள் என்ற முறையில் அந்த 1.0ஏ-யைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நிரந்தரமானது, உலகெங்கும் செல்லும், ராயல்டி இல்லை என்றெல்லாம் எழுதியவர்கள் ‘திரும்பப் பெற முடியாதது’ என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். ஒன்பதாம் பிரிவில், இந்த உரிமத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்த வடிவத்தையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. எழுதிய காலத்தில் அது பயனரைக் காக்க எழுதிய வரி. புது வடிவம் பிடிக்காவிட்டால் பழையதையே வைத்துக்கொள்ளலாம் என்று விசார்ட்ஸே தன் விளக்கக் குறிப்பில் அப்போது சொல்லியிருந்தது. ஆனால் ‘அங்கீகரிப்பது யார், அங்கீகாரத்தை நீக்கலாமா’ என்று அந்த வரி சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு வழக்கறிஞர் குழு அந்தச் சந்தில்தான் புகுந்தது.

2022 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசிய விசார்ட்ஸின் அன்றைய தலைமை அதிகாரி சிந்தியா வில்லியம்ஸ், இந்த ஆட்டத்திலிருந்து ஈட்ட வேண்டிய அளவுக்கு இன்னும் பணம் ஈட்டவில்லை என்ற பொருளில் பேசினார். அதே மாதம் புதிய ஓ.ஜி.எல். 1.1 வருவதாக அறிவிப்பு. வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ராயல்டி, உலகத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று சமாதானமும் சொன்னார்கள். ஜனவரி 5ஆம் தேதி ஐஓ9 என்ற செய்தித் தளத்தில் செய்தியாளர் லிண்டா கோடேகா அந்த 1.1இன் கசிந்த வாசகத்தைப் பற்றி எழுதினார். அதன்பிறகு யாரும் தூங்கவில்லை.

நானும் அதைக் கைவேலையை ஓரம் வைத்துவிட்டுப் படித்தேன். பழைய 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இல்லை என்றது. வணிகம் செய்கிறவர்கள் தங்கள் படைப்பைப் பதிவு செய்ய வேண்டும். 50,000 டாலரைத் தாண்டினால் வருவாய்க் கணக்கு கொடுக்க வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டிய வருவாயில் 25 சதவீதம் ராயல்டி, வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாகத் திரட்டினால் 20 சதவீதம். வருவாயில் என்பதைக் கவனியுங்கள், லாபத்தில் இல்லை. ஒருவர் கிக்ஸ்டார்ட்டரில் பத்து லட்சம் டாலர் திரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்கு மேல் இரண்டரை லட்சம். அதில் 50,000 விசார்ட்ஸுக்கு. ஓவியர்களுக்குக் கொடுத்து, அச்சகத்துக்குக் கொடுத்து, கப்பலில் ஏற்றி, வீடுவீடாக அனுப்பி முடித்தபின் அந்தப் பதிப்பாளர் கையில் அவ்வளவு மிஞ்சுமா என்பதே சந்தேகம். தமிழ்ப் பதிப்புலகில் புத்தகத்தையே எழுதிக் கொடுத்தவருக்குப் பொதுவாகப் பத்து சதவீதம்தான் ராயல்டி. இவர்கள் ஒரு வரியும் எழுதாமல் கேட்டது அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு.

பணத்தைவிட என்னை உறுத்தியவை வேறு இரண்டு பிரிவுகள். நீங்கள் எழுதியதை விசார்ட்ஸ் எந்த நோக்கத்துக்கும், நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி, ராயல்டி தராமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒன்று. நமக்குக் கொடுக்கும்போது எழுத மறந்த சொல், நம்மிடமிருந்து வாங்கும்போது ஞாபகமாக வந்துவிட்டது பாருங்கள். முப்பது நாள் முன்னறிவிப்போடு உரிமத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பது மற்றொன்று. இப்படி ஒரு தாளை எழுத்தாளர் யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், கையெழுத்துப் போட வேண்டாம், பேனாவைப் பைக்குள் வையுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ரசிகர்கள் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. கூச்சலுக்கு எப்போதும் பஞ்சமில்லை. இந்த முறை கூச்சலோடு கணக்கையும் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தின் விதிகளை இணையத்தில் தரும் டி அண்ட் டி பியாண்ட் என்ற சந்தா சேவையை ஹாஸ்ப்ரோ 2022இல்தான் 14.63 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. போட்ட முதல் திரும்ப வேண்டிய இடம் அதுதான் என்று கண்டுபிடித்து, சந்தாவை ரத்து செய்யுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மார்ச் மாதம் இந்த ஆட்டத்தை வைத்து எடுத்த பெரிய திரைப்படம் வேறு வெளிவர இருந்தது. திறந்த மடல் ஒன்றில் 60,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விதிப்புத்தகம் எழுதிப் பிழைக்கும் சிறு பதிப்பாளர்களோடு, ஒரு பைசா வருமானமில்லாத சாதாரண ஆட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டதுதான் விசார்ட்ஸின் கணக்கைத் தப்பாக்கியது. இருபது பேர் பிரச்சினை என்று நினைத்தார்கள். தன் மேசையில் ஓடும் பாதிப் புத்தகங்கள் அந்தச் சிறு பதிப்பாளர்களுடையவை என்பது ஒவ்வொரு டன்ஜன் மாஸ்டருக்கும் தெரியும்.

போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. கோபோல்ட் பிரஸ் என்ற பதிப்பகம் தானே சொந்த விதிகள் எழுதப் போவதாக அறிவித்தது. அதுதான் பின்னால் டேல்ஸ் ஆஃப் த வேலியன்ட் என்ற ஆட்டமாயிற்று. பைசோ, எந்த ஒரு பதிப்பாளரின் பிடியிலும் இல்லாத ஓ.ஆர்.சி. என்ற பொது உரிமத்தை உருவாக்குவோம் என்றது. சில நாட்களில் 1,500க்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் அதில் சேர முன்வந்தார்கள். எட்டு மாதத்துக்குப் போதும் என்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் விதிப்புத்தக இருப்பு இரண்டு வாரத்தில் தீர்ந்தது என்று பைசோ சொன்னது. ஒரு போட்டி நிறுவனத்துக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை யாரும் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது.

விசார்ட்ஸின் முதல் பதில் ஜனவரி 13ஆம் தேதி வந்தது. பகடையில் ஒன்று விழுந்துவிட்டது, அதாவது படுதோல்வி, என்று ஆட்டக்காரர் பாஷையில் ஒரு வாக்கியம். ரசிகர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை, அவர்களும் ஜெயித்தார்கள் நாங்களும் ஜெயித்தோம் என்று இன்னொரு வாக்கியம். வடிவேலுவுக்கு எழுதிக்கொடுத்த வசனம் என்றே தோன்றியது. வெளியானது வெறும் வரைவுதான் என்றும் சொன்னார்கள். வரைவுக்கு அமலாகும் தேதி போடும் வழக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. கசிந்த தாளில் அதே ஜனவரி 13 அமலாகும் தேதியாக இருந்தது.

பிறகு கைல் பிரிங்க் என்ற அதிகாரியின் பெயரில் ஒழுங்கான மன்னிப்பு வந்தது. 1.2 என்ற புது வரைவையும், கூடவே கருத்துக் கணிப்பையும் வைத்தார்கள். ராயல்டி போயிற்று, ஆனால் 1.0ஏ-யை ரத்து செய்யும் பிடிவாதம் போகவில்லை. கணினித் திரையில் ஆட உதவும் மென்பொருள்களுக்கான கொள்கையில் ஒரு வேடிக்கை இருந்தது: மேஜிக் மிசைல் மந்திரத்தை வீசும்போது அது பறந்து போய்த் தாக்குவதை அசையும் படமாகக் காட்டக் கூடாதாம், கற்பனையில்தான் பார்க்க வேண்டுமாம். நம் கற்பனை வளத்தின் மீது ஒரு பொம்மை நிறுவனத்துக்கு எவ்வளவு அக்கறை! அப்போது விசார்ட்ஸ் தானே அசையும் படங்களோடு அப்படி ஒரு மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

கணிப்பில் 15,000க்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். 88 சதவீதத்தினர் 1.2இன் கீழ் எதையும் வெளியிட விரும்பவில்லை என்றார்கள். 89 சதவீதத்தினருக்கு 1.0ஏ-யை நீக்குவது பிடிக்கவில்லை. பிப்ரவரி வரை நடத்துவதாகச் சொன்ன கணிப்பை அதற்குமேல் நடத்தவில்லை. ஜனவரி 27ஆம் தேதி, 1.0ஏ-யைத் தொடப்போவதில்லை, எஸ்.ஆர்.டி. 5.1 முழுவதையும் இன்றே கிரியேட்டிவ் காமன்ஸில் விடுகிறோம் என்று அறிவித்து, சொன்னபடி வெளியிட்டும்விட்டார்கள். கசிவு வந்ததிலிருந்து மூன்று வாரமும் ஒரு நாளும்தான் ஆகியிருந்தது.

இந்தக் கதையெல்லாம் ஒரு பிடிஎஃப் விமர்சனத்தில் எதற்கு என்றால், நகல் கடையில் அதற்குப் பதில் கிடைத்தது. கோப்ளின் முதல் ஓநாய் வரை பையன்களுக்குத் தேவையான பக்கங்களைத் தமிழில் எழுதி, அட்டவணை போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்யக் கொடுத்தேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “காப்பிரைட் தொல்லை ஒன்றும் வராதே அம்மா?” என்றார். பாடப்புத்தக நகலில் ஏற்கெனவே பட்டிருப்பார் போல. பின்பக்கத்தில் நான் சேர்த்திருந்த நன்றி வாசகத்தைக் காட்டி, இதைப் போட்டால் போதும், விற்கக்கூடச் செய்யலாம் என்றேன். நம்பாமல் இரண்டு முறை படித்தார். பிறகு, “அப்படியானால் நானே பத்துப் பிரதி போட்டு வைக்கட்டுமா?” என்றார். தாராளமாக என்றேன். உரிமம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சோதனை எனக்குத் தேவைப்படவில்லை. விசார்ட்ஸ் இதே ஆவணத்தைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் தானே வெளியிட்டிருக்கிறது. தமிழை அவர்கள் நினைக்கப் போவதில்லை. நினைக்கும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை.

அந்த நன்றி வாசகத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் பக்கத்தில் உள்ளபடியே எழுத வேண்டும், விசார்ட்ஸ் பற்றி அதற்குமேல் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்’ என்று அட்டையில் போட்டுக்கொள்ளலாம். ஆட்டத்தின் பெயரையும் சின்னத்தையும் போடக் கூடாது. வணிகக் குறி இந்த உரிமத்தில் அடங்காது.

பணம் கொடுத்து வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: 2024இல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் விலை வெளியானபோது 49.99 டாலர், நம் ஊர்க் கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். ஓவியங்கள் கண்ணைப் பறிக்கின்றன, பக்க அமைப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆசையிருந்தால் வாங்குங்கள், தாள் புத்தகமாகவே வாங்குங்கள். டி அண்ட் டி பியாண்டில் வாங்கினால் அங்கே இருப்பது உங்கள் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய விதிகள் வந்தபோது, 2024 ஆகஸ்டில், வீரரின் விவரங்களைக் குறித்து வைக்கும் கேரக்டர் ஷீட்டில் பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை மாற்றிவிடப் போவதாக அறிவித்தார்கள். மறுபடியும் எதிர்ப்பு, சில நாட்களிலேயே மறுபடியும் பின்வாங்கல். பின்வாங்குகிறார்கள் என்பது நல்ல குணம்தான். ஒவ்வொரு முறையும் நாம் கத்த வேண்டியிருக்கிறது என்பது அலுப்பு.

2024 விதிகளுக்கான எஸ்.ஆர்.டி. 5.2, சொன்ன வாக்குப்படி 2025 ஏப்ரலில் இதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. இதில் பேக்கிரவுண்ட் நான்கு. குற்றவாளி, அறிஞர், சிப்பாய் எல்லாம் சேர்ந்துவிட்டதால் இனி எல்லோரும் கோயிலிலிருந்து புறப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக இதற்கே போகலாம். எங்கள் மேசையில் 5.1தான் ஓடுகிறது, பாதிக் கதையில் விதியை மாற்றினால் பையன்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். விசார்ட்ஸின் பக்கமே போக மனமில்லை என்பவர்களுக்கு, ஓ.ஆர்.சி. உரிமத்தில் 2023 கடைசியில் புதுப்பித்து வந்த பாத்ஃபைண்டர் இருக்கிறது. விதிகள் கனமானவை, பொறுமை வேண்டும்.

ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுக்கிறேன். பக்கம் தேட வைத்ததற்காகவோ கோயில் பணியாளருக்காகவோ ஒன்றைக் குறைக்கவில்லை. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸுக்குப் போனது 5.1 மட்டும். மூன்றாம் பதிப்பையும் அதன் திருத்தமான 3.5ஐயும் நம்பி எழுதியவர்கள் நிற்பது இன்றைக்கும் அந்தப் பழைய 1.0ஏ-யின் மேல்தான், அதில் விடுபட்ட சொல்லை யாரும் சேர்க்கவில்லை, தொடமாட்டோம் என்ற வாக்குறுதி மட்டும் இருக்கிறது. என் வேலையில் வாக்குறுதியைக் கோப்பில் வைக்க முடியாது. 3.5 விதிகளையும் இதே முதல் பக்கத்தோடு வெளியிடட்டும், அன்றைக்கே ஐந்தாகத் திருத்திவிடுகிறேன்.